ஐநூறு பேர் இல்லாத ஊர்

போடிக்கு மேற்கே மலைச்சரிவில் ஒரு பளியர் குடியிருப்பு. முப்பத்தோரு வீடுகள். பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் அங்கே இருப்பவர்களுக்குத்தான் சங்கடம். நான்கு வருடங்களுக்கு முன்னால் அங்கே நான் ஒரு தண்ணீர்த் திட்டத்தோடு போனேன். அப்போது வேலை பார்த்த நிறுவனத்தின் சிஎஸ்ஆர் பணம். ஐயாயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டிகள் இரண்டு, அவற்றை ஏற்றி வைக்கக் கான்கிரீட் மேடை, மேலே இருக்கும் ஊற்றிலிருந்து அறுநூறு மீட்டருக்குக் குழாய். போடிக்காரன் என்பதால் என்னைத் தன்னார்வலராகப் போட்டார்கள். திட்டங்களின் முன்னேற்றத்தைக் காட்டும் டாஷ்போர்டை எழுதியவனும் நானே.

தொட்டி வந்தது. மேடை வந்தது. குழாய் ஊற்றுவரை போகவில்லை, ஊற்று காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. வனக்காவலர் வந்து, "அனுமதி எங்க?" என்று கேட்டார். யாரும் வாங்கியிருக்கவில்லை. வாங்க வேண்டும் என்பதே எங்கள் கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஒப்பந்தக்காரர் தொட்டிக்கும் மேடைக்கும் பில் போட்டுவிட்டு மலை இறங்கினார். நான் தொட்டியை ஜிபிஎஸ் குறியோடு படம் எடுத்து ஏற்றினேன். டாஷ்போர்டில் அந்த வரி பச்சையானது. 'முடிந்தது.' படம் ஏறினால் வரி பச்சையாகும் என்று கோட் எழுதியிருந்தேன். தண்ணீர் வந்ததா என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை.

இரண்டு வருடம் கழித்துச் சும்மா ஒரு எட்டு போய்ப் பார்த்தேன். ஒரு தொட்டியை, தகரக்கூரையிலிருந்து வடியும் மழைத்தண்ணீரைப் பிடிக்க அவர்களே மாற்றியிருந்தார்கள். இன்னொன்றை யானை தள்ளிவிட்டு, அது உருண்டு ஓடைக்குள் கிடந்தது, நிறுவனத்தின் முத்திரை வானத்தைப் பார்த்தபடி. அங்கே இருந்த பாட்டி என்னை அடையாளம் கண்டுகொண்டு கோபமே இல்லாமல் சொன்னார்: "நீங்க தொட்டி குடுத்தீக தம்பி. தண்ணி பாரஸ்டுக்காரங்ககிட்டல்ல இருக்கு."

பழங்குடிகளுக்கான நிதித் திட்டங்களைப் பற்றி நான் படித்த அறிக்கைகள் எதிலும் இவ்வளவு சரியான வாக்கியம் இல்லை. இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்துக்கு நான் எழுதும் உரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதிவாசிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் ஆட்களிடம் தயாராக இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, "ஒதுக்குற பணம் பத்தல." இன்னொன்று, "ஒதுக்குற பணத்த நடுவுல தின்னுடுறாங்க." இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் என் தொட்டிக் கதையில் பணம் இருந்தது, யாரும் திருடவும் இல்லை. ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு. தண்ணீர்தான் வரவில்லை. ஆகவே நான் சொல்ல வருவது வேறு. இந்தத் திட்டங்கள் முதலில் கேட்கும் கேள்வியே தப்பு. "அங்கே எத்தனை பேர்?" என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுக்கிறார்கள். "அந்த நிலமும் ஊற்றும் யாருடையது, அதை எழுத்தில் ஆக்கியாச்சா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

எத்தனை பேர் என்ற கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தேனி மாவட்டத்தின் மக்கள் 12,45,899. அதில் பழங்குடியினர் 0.15 சதவீதம். கணக்குப் போட்டால் இரண்டாயிரத்துக்கும் கீழே. பளியர், முதுவர் என்று மலையோரங்களில் முப்பது வீடு, ஐம்பது வீடாகச் சிதறிக் கிடக்கிறார்கள்.

இப்போது ஒன்றிய அரசின் பெரிய திட்டங்களைப் பாருங்கள். 2023 நவம்பர் 15 அன்று ஜார்க்கண்டின் குந்தியில் பிஎம்-ஜன்மன் தொடங்கியது. ஒதுக்கீடு 24,104 கோடி ரூபாய். வீடு, சாலை, குடிநீர் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது 'குறிப்பாக நலிவுற்ற பழங்குடிக் குழுக்கள்' என்ற 75 பெயர்கள் கொண்ட பட்டியலுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் ஆறு பேர்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். பளியர் இல்லை. முதுவர் இல்லை. பட்டியலில் சேர்ப்பதற்கான அளவுகோல்களில் ஒன்று, வேளாண்மைக்கு முந்தைய வாழ்க்கைமுறை. தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பளியருக்கு அது பொருந்தாதாம். 1975-ல் 52 பெயர்கள், 1993-ல் இன்னும் 23. அதோடு கதவைச் சாத்திவிட்டார்கள்.

சரி, அடுத்தது. 2024 அக்டோபர் 2-ல் தர்தி ஆபா திட்டம். 79,156 கோடி. அறுபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள். அளவுகோல்: ஐநூறு பேராவது இருக்க வேண்டும், பாதியாவது பழங்குடிகளாக இருக்க வேண்டும். 'முன்னேற விழையும் மாவட்டம்' என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் ஐம்பது பழங்குடியினர் இருந்தாலே போதும். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்டவை விருதுநகரும் ராமநாதபுரமும். தேனி இல்லை. தேனி மாவட்டத்துப் பழங்குடிகள் எல்லோரையும் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒன்றாகக் கூட்டினாலும் ஐநூறு பேர் ஊர்கள் கைவிரல் எண்ணிக்கைக்குள் முடிந்துவிடும். முப்பத்தோரு வீட்டுக்காரர்கள் ஐநூறாவதற்கு எத்தனை தலைமுறை பிள்ளை பெற வேண்டும் என்று எங்காவது வழிகாட்டு நெறிமுறை இருந்தால் சொல்லுங்கள்.

இந்த ஐம்பது சதவீதம் நேற்று வந்த பழக்கமில்லை. 1974-75ல், ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டத்தில், பழங்குடியினர் துணைத்திட்டம் வந்தபோதே 'செறிவாக வாழும் பகுதி' என்ற எண்ணமும் கூடவே வந்தது. தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்டப் பகுதிகள் பத்தும் எங்கே இருக்கின்றன? ஏற்காடு, கொல்லிமலை, கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது, பச்சைமலை என்று எல்லாம் கிழக்குமலைப் பக்கம். மேற்குத்தொடர்ச்சி மலையில் ஒன்றுகூட இல்லை. ஜவ்வாது மலைக்குக் கிடைப்பதை நான் பறிக்கச் சொல்லவில்லை, அங்கேயும் பற்றாக்குறைதான். இந்த மலைகளில் பழங்குடிகள் குறைவாக இருப்பது எப்படி நேர்ந்தது என்பதை யாரும் கேட்கவில்லையே என்பதுதான் என் எரிச்சல். ஒரு நூற்றாண்டாகத் தோட்டம் போட ஆள் கொண்டுவந்து ஏற்றினால் விகிதம் குறையாமல் என்ன செய்யும்? நிலத்தை எடுத்ததால் சிறுபான்மையானார்கள், சிறுபான்மையானதால் நிதி கிடையாது.

இன்னொரு வேடிக்கை. தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகளில் பளியர்களின் பெயர் மூன்று எழுத்துக்கூட்டலில், மூன்று தனித்தனிப் பழங்குடிகளாக, அடுத்தடுத்து நிற்கிறது. முதுவருக்கும் இரண்டு இடம். டேட்டாபேஸில் இப்படி ஒன்றை நான் விட்டுவைத்திருந்தால் கோட் ரிவியூவில் தோலை உரித்திருப்பார்கள். ஏற்கெனவே ஒரு கைப்பிடி மக்கள். அவர்களையும் மூன்றாகப் பிரித்து எண்ணிவிட்டு, 'எண்ணிக்கை குறைவு' என்று குறிப்பு எழுதுகிறோம்.

"முப்பது வீட்டுக்காக ஒரு அரசாங்கம் குழாய் போட முடியுமா? ஒரு ஆளுக்கு எவ்வளவு செலவாகும்னு பாரு" என்று என் அலுவலக நண்பன் கேட்டான். நல்லவன்தான். அவனிடம் சொன்னேன், குஜராத்தின் கிர் காட்டில் பானேஜ் என்ற இடத்தில் ஒரே ஒரு வாக்காளருக்காகத் தேர்தல் ஆணையம் வாக்குச்சாவடி அமைத்தது. அதை நாமெல்லாம் பெருமையோடு பகிர்ந்தோம். 'ஒரு ஓட்டுக்கு எவ்வளவு செலவு' என்று யாரும் எக்செல் திறக்கவில்லை. ஓட்டுக்கு ஒருவர் போதும், தண்ணீருக்கு ஐநூறு பேர் வேண்டும் என்றால் இங்கே எதை உரிமை என்கிறோம், எதைச் சலுகை என்கிறோம் என்று தெரிந்துவிடுகிறது.

செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எங்கள் மலையின் வரலாற்றையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூணாறு போகிறவர்கள் டாப் ஸ்டேஷனில் படம் எடுத்துக்கொள்வார்கள். அங்கே ஸ்டேஷன் எது என்று கேட்பவர் குறைவு. மூணாறுத் தேயிலையைக் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ரயிலில் கொண்டுவந்து, டாப் ஸ்டேஷனில் கம்பிவடத்தில் தொங்கவிட்டு, செங்குத்தான மலைக்குக் கீழே கொட்டகுடியில் இறக்கினார்கள். அங்கிருந்து போடிக்கு. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அடித்துக்கொண்டு போனது. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கே ரயில் வந்தது. தேயிலைப் பெட்டிக்காக இதே சரிவில் வானத்தில் கம்பி கட்டினார்கள், நூறு வருடத்துக்கு முந்தைய தொழில்நுட்பத்தில். அப்போது கீழே ஐநூறு பேர் இருக்கிறார்களா என்று யாரும் எண்ணவில்லை. இன்றைக்கு ஒன்றரை அங்குல ஓஸ் பைப் அறுநூறு மீட்டர் போவதுதான் மலைப்பகுதியின் சவாலாம்.

இனி அந்தப் பாட்டி சொன்னதற்கு வருகிறேன். தண்ணீர் யாரிடம் இருக்கிறது?

2006-ல் நிறைவேறிய வன உரிமைச் சட்டம் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. பலரும் இதைத் தனிநபர் பட்டா கொடுக்கும் சட்டம் என்றே நினைக்கிறார்கள். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அனுபவித்துவரும் நிலத்துக்கு, அதிகபட்சம் நான்கு ஹெக்டேர் வரை, கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமை என்பது அதன் ஒரு பகுதி மட்டும்தான். சமூக வன வள உரிமை என்று ஒன்று இருக்கிறது: ஊரார் வழிவழியாகப் பயன்படுத்திக் காத்துவரும் காட்டை, அதன் எல்லைக்குள், நிர்வகிக்கும் உரிமை. மூன்றாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இன்னும் நேரடியானது. பள்ளிக்கூடம், சாலை, குடிநீர்க் குழாய், மழைநீர் சேகரிப்பு, சிறு பாசன வாய்க்கால் என்று 13 வசதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வனநிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, அரசு நிர்வகிக்கும் வசதியாக இருக்க வேண்டும், கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். வனப் பாதுகாப்புச் சட்டத்தின் நீண்ட வரிசையில் நிற்க வேண்டியதில்லை. என் அறுநூறு மீட்டர் குழாய் ஊராட்சி வழியாகப் போயிருந்தால், ஒரு கிராம சபைத் தீர்மானத்தோடு ஆரம்பித்திருக்கலாம். நாங்கள் லோகோவின் அளவைப் பற்றி இரண்டு கூட்டம் பேசினோம். இந்தத் தீர்மானத்தைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை.

சட்டத்தின் விதிகளில் இன்னொன்று இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. 2012 திருத்தத்தில் வந்தது. ஊராட்சிகள் தங்கள் எல்லைக்குள் இருக்கும் குக்கிராமங்கள், குடியிருப்புகள், பதிவேட்டில் ஏறாத, அளக்கப்படாத குடியேற்றங்கள் எல்லாவற்றையும் பட்டியல் போட வேண்டும் என்கிறது. அதாவது சட்டத்துக்கு முப்பத்தோரு வீடு கண்ணுக்குத் தெரிகிறது. நிதிக்குத்தான் தெரியவில்லை. பிஎம்-ஜன்மனிலும் குடியிருப்பையே அலகாக எடுத்திருக்கிறார்கள். செய்யத் தெரியாமல் இல்லை. பட்டியலில் பெயர் இருந்தால் குடியிருப்பு, இல்லாவிட்டால் ஐநூறு பேர் கிராமம்.

சட்டம் இவ்வளவு சொல்கிறதே, பிறகு ஏன் நடக்கவில்லை? தமிழ்நாட்டுக்கென்று ஒரு தனி சோகம் உண்டு. விதிகள் 2008 ஜனவரியில் வந்தன. அதே வருடம், உரிமைப் பத்திரம் கொடுக்கும் முன் தன் அனுமதியைப் பெற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. 2016-ல் உச்ச நீதிமன்றம்தான் அதை நீக்கியது. எட்டு வருடம். அந்த எட்டு வருடத்தில், ஓடையையும் இடுகாட்டையும் பழைய கொத்துக்காட்டையும் கைநீட்டிக் காட்டத் தெரிந்த எத்தனை கிழவர்கள் செத்துப்போயிருப்பார்கள்? விதிகளின்படி ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியை எழுதி வாங்கினால் அதுவும் சாட்சியம். சாட்சியமே மூச்சு விடுகிற ஆளாக இருக்கும்போது தாமதம் வெறும் தாமதம் இல்லை.

என் தாய்மாமாவுக்குச் சாந்தன்பாறைப் பக்கம் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். சின்னத் தோட்டக்காரர். வீட்டில் பீரோவுக்குள் ஒரு ஃபைல் இருக்கும். வரி ரசீது, குத்தகைக் காகிதம், தாசில்தார் கடிதம், எல்லாம் பிளாஸ்டிக் உறையில். தீபாவளிக்குச் சீட்டு விளையாடும்போது அந்த ஃபைலைப் பற்றிப் பேச்சு வரும். ஏலமலைக் காடுகளின் கதையே காகிதத்தின் கதைதான். 1897 திருவிதாங்கூர் அறிவிப்பில் காப்புக்காட்டின் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்று இன்றுவரை வழக்கு. ஒரு '2'-க்காக. அந்த '2'-ஐப் பிடித்துக்கொண்டு தோட்டக்காரர்களும் அரசும் சூழலியலாளர்களும் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். போகட்டும், காகிதம் வைத்திருப்பவர்கள் சண்டை போடுவார்கள். அதே மலையில் அதற்கும் முன்னால் இருந்தவர்களுக்குச் சண்டை போட ஒரு இலக்கம்கூட இல்லை. மாமாவின் தோட்டத்தில் காய் எடுக்க வருகிறவர்களில் முதுவக்குடிப் பெண்களும் உண்டு. அவர்கள் எடுத்த காய் வித்த பணத்தில்தான் என் முதல் செமஸ்டர் ஃபீஸ் கட்டினார்கள். மதுரையில் இன்ஜினியரிங் படித்தேன். இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது எனக்கே சரியாகப் படவில்லை.

ஃபைல் தயாரிக்கச் செலவாகும். யாரும் கணக்கில் எடுக்காத செலவு இதுதான். வன உரிமைக் கோரிக்கை ஒன்று கிராம சபையில் ஆரம்பித்து, உத்தமபாளையம் கோட்டாட்சியர் தலைமையிலான உட்கோட்டக் குழுவுக்குப் போய், ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவில் முடிய வேண்டும். ஒவ்வொரு படிக்கும் மலை இறங்க வேண்டும். ஒரு நாள் இறங்கினால் ஒரு நாள் கூலி போச்சு. ஜீப்புக்குக் காசு. எல்லையைச் சுற்றி நடந்து ஜிபிஎஸ் எடுக்க ஆள். மனுவை எழுத ஆள். இதற்கெல்லாம் நிதி கொடுங்கள் என்று கேட்டால், "அது சொத்து உருவாக்கம் இல்லையே" என்பார்கள். சிஎஸ்ஆர் கூட்டத்தில் என் காதால் கேட்ட சொற்றொடர். தொட்டி சொத்து. தொட்டிக்குத் தண்ணீர் வரும் உரிமை சொத்து இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: இந்தப் பக்கம் சில நகர்வுகள் இருக்கின்றன. ஒடிசா 2023-ல் 'மோ ஜங்கல் ஜமி யோஜனா' என்று வன உரிமையை நடைமுறைப்படுத்துவதற்கே மாநிலப் பணத்தில் தனித்திட்டம் போட்டது. தர்தி ஆபாவிலும் வன உரிமைப் பிரிவுகளுக்குப் பணம் உண்டு. தமிழ்நாடு 2024-ல் தொல்குடி என்ற பெயரில் நான்கு ஆண்டுகளுக்கு ஆயிரம் கோடி அறிவித்தது. அதே வருடம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கென ஒரு சட்டமே வந்தது. ஆயிரம் கோடியில் பெரும்பகுதி வீடு, சாலை, விளக்கு, குடிநீர் என்று அடிப்படை வசதிகளுக்கு. வேண்டாம் என்று யார் சொல்வது? ஆனால் அந்தச் சாலையும் குழாயும் காப்புக்காட்டைத் தொடும் இடத்தில் மறுபடியும், "அனுமதி எங்க?" கேள்விதான் நிற்கும். கோரிக்கைக்கான பணத்தை முதல் தவணையாகவும் குழாய்க்கான பணத்தை இரண்டாம் தவணையாகவும் வைத்தால் என்ன? முதல் வருடம் தீர்மானம், எல்லை, வரைபடம், மனு. உரிமை கையில் வந்த பிறகு குழாய். இப்போது தலைகீழாக நடக்கிறது. அதுவும் மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டும் என்ற அவசரத்தில். மார்ச்சில் எங்கள் மலையில் ஊற்று வற்றிக் கிடக்கும், காட்டுத்தீக் காலம் வேறு. குரங்கணியில் 2018 மார்ச் 11-ல் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மாதத்தில் அளந்து, அந்த மாதத்தில் தோண்டி, அந்த மாதத்திலேயே கணக்கை முடிக்கிறார்கள்.

உரிமை முதலில் வந்தால் பணம் பின்னால் வரும் என்பதற்கு மகாராஷ்டிராவின் மெண்டா லேகா இருக்கிறது. கட்சிரோலி மாவட்டத்தில் ஒரு சின்ன கோண்டு கிராமம். 2009-ல் சமூக வன உரிமை வாங்கியது. பத்திரம் கையில் இருந்தும் மூங்கிலை விற்க விடவில்லை. போராடி, 2011 ஏப்ரலில் தாங்களே விற்கும் அதிகாரத்தைப் பெற்றார்கள். அதற்குப் பிறகு அந்தக் கிராம சபை யாருடைய திட்டத்துக்கும் மனு போட்டுக் காத்திருக்க வேண்டிய நிலையில் இல்லை. இங்கே மூங்கிலுக்குப் பதில் தேன், கடுக்காய், நெல்லிக்காய் என்று வைத்துக்கொள்ளலாம். மெண்டா லேகாவை அப்படியே நகலெடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், அங்கே பெரிய காடு, ஒற்றுமையான ஊர். ஆனாலும் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் உரிமை, அப்புறம் வருமானம்.

வெளிநாட்டிலும் நிலைமை ஒன்றும் சொர்க்கமில்லை. 2021 கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில், பூர்வகுடிகளின் நில உரிமைக்காக அரசுகளும் அறக்கட்டளைகளும் சேர்ந்து 170 கோடி டாலர் தருவதாக உறுதி சொன்னார்கள். கொடையாளர்களே வெளியிட்ட கணக்குப்படி முதல் வருடம் பூர்வகுடி அமைப்புகளின் கைக்கு நேரடியாகப் போனது 7 சதவீதம். அடுத்த வருடம் 2.1. மிச்சம் இடைத்தரகு நிறுவனங்கள், ஆலோசகர்கள் வழியாக. என் தொட்டியின் உலகளாவிய அண்ணன்கள்.

ஆஸ்திரேலியாவில் ஒன்று மட்டும் யோசிக்க வைக்கிறது. 1993-ல் பூர்வகுடி நில உரிமைச் சட்டம் வந்தபோதே, நிலத்தை முற்றாக இழந்துவிட்டதால் அந்தச் சட்டத்தால் பலன் பெற முடியாதவர்களை என்ன செய்வது என்று கேட்டார்கள். அவர்களுக்காக 1995-ல் ஒரு நிலக் கழகத்தையும் நிதியையும் உருவாக்கினார்கள். அது நிலத்தை வாங்கிப் பூர்வகுடி அமைப்புகளின் பெயரில் மாற்றிக் கொடுக்கிறது. 2019-ல் அதன் வேலையில் தண்ணீரையும் சேர்த்தார்கள். அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'நிலம் வாங்கப் பணம், தண்ணீர் உரிமை வாங்கப் பணம்' என்று ஒரு பட்ஜெட் தலைப்பு உலகத்தில் இருக்க முடியும். அடிவாரக் காலனிகளில் மூன்று சென்ட் வீட்டோடு உட்கார்ந்திருக்கும் பளியர் குடும்பங்களுக்கு, மலையில் அனுபவித்த நிலத்தைக் காட்ட முடியாதவர்களுக்கு, வன உரிமைச் சட்டம் உதவாது. அவர்களுக்கு இப்படி ஒன்றுதான் வேண்டும்.

"எல்லாரையும் கீழ கொண்டுவந்து நல்ல வீடு கட்டிக் குடுத்துட்டா பிரச்சினை முடிஞ்சிருமே" என்று போடியில் படித்தவர்கள் சொல்வார்கள், பரிவோடுதான். கீழே வந்தால் தண்ணீர் எங்கிருந்து வரும்? போடி நகராட்சியே குடிப்பது கொட்டகுடி ஆற்றுத் தண்ணீரை. நான் வளர்ந்தது அந்தத் தண்ணீரில். அணைப்பிள்ளையார் கோயில் தடுப்பணையில்தான் நீச்சல் பழகினேன். அந்த ஆறு பிறக்கும் சரிவுகளில் இருப்பவர்களுக்கு ஓஸ் போட அனுமதி இல்லை, அதில் குளித்த எனக்கு யாரும் ரசீது கேட்டதில்லை. கேரளப் பக்கம் முதுவர்களுக்கு இடமலக்குடியில் 2010-ல் தனி ஊராட்சியே அமைத்தார்கள். அங்கும் சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் திண்டாட்டம்தான். இருந்தாலும் தங்கள் கூட்டத்துக்குத் தாங்களே தலைமை தாங்குகிறார்கள். கீழே இறங்கி வா என்பதற்கும் கூட்டத்தை மேலே கொண்டுபோவதற்கும் உள்ள தூரம் அது.

பராமரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஜல் ஜீவன் திட்டத்தில் மலை, காட்டுப் பகுதிகளில் மக்கள் பங்களிப்பு 5 சதவீதம், மற்ற இடங்களில் 10. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நல்ல எண்கள். ஆனால் காட்டுமாடு மிதித்தாலோ யானை பிடுங்கினாலோ, இரண்டாம் நாளே ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு ஓஸும் இரண்டு கிளாம்பும் வாங்க வேண்டும். அந்த ஆயிரத்தைந்நூறுக்கு எந்தத் தலைப்பும் இல்லை. பல லட்சம் ரூபாய்த் தொட்டியை அனுமதிப்பது சுலபம், வருடத்துக்கு இருபதாயிரத்தைக் குடியிருப்பின் கணக்கில் போட்டுவிட்டு அவர்களே செலவழிக்கட்டும் என்று நம்புவது கஷ்டம். "அவங்களுக்குக் கணக்கு வைக்கத் தெரியாது" என்பார்கள். வருடம் முழுக்க எந்தப் பாறையில் எந்த மாதம் தேன் கட்டும், யார் வீட்டுக்கு எந்தப் பாறை என்று கணக்கு வைத்திருப்பவர்களைப் பற்றி.

போன மார்ச்சில் மறுபடி போனேன். இந்த முறை கையில் தொட்டி இல்லை. ஒரு நோட்டு, ஒரு பழைய ஜிபிஎஸ் கருவி, மூன்றாம் பிரிவின் நகல். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபைகள், அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று. அந்தக் கூட்டத்தில் குழாய்க்கான தீர்மானத்தைக் கேட்கலாம் என்று முடிவு செய்தோம். விடியும் முன்னே கிளம்பிப் பதினொரு பேர் இரண்டரை மணி நேரம் நடந்து இறங்கினோம். பாட்டியும் வந்தார். போய்ச் சேர்ந்தபோது கூட்டம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "நேரத்தோட வந்துருக்கணும்ல, அடுத்த சபை மே ஒண்ணாந் தேதி" என்றார் அங்கிருந்தவர். வருகைப் பதிவேட்டை நீட்டி, வந்ததுக்குக் கையெழுத்தாவது போட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

பாட்டி பேனாவை வாங்கவில்லை. "தீர்மானத்த எழுதுங்க, அப்புறம் போடுறேன்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். மற்ற பத்துப் பேரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மத்தியானம் வரை யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்றரை மணிக்கு மனுவை வாங்கிக்கொண்டு, மே மாதப் பொருளில் சேர்ப்பதாக ஒரு துண்டுச்சீட்டில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பாட்டி அதை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "பிளாஸ்டிக் கவர் இருக்கா தம்பி?"